அருவிக்கு மேலே ஓர் ஊர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் நேற்றுத் தொலைபேசியில் கேட்டார்: "கடலோரக் கழிவுநீரைப் பற்றிப் பேசுகிறவரை ஏற்காட்டுக்கு ஏன் கூப்பிட்டார்கள்? அங்கே ஏது கடல்?" நியாயமான கேள்வி. கடற்கரையில் விடியற்காலை இடுப்பளவு நீரில் இறங்கி, குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான் கால் நூற்றாண்டாக என் வேலை. அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி, கடலைவிட இந்த மலைக்குத்தான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பார்கள். ஊரின் நடுவில் ஏரி, சுற்றிலும் சரிவு, சரிவெல்லாம் வீடு, விடுதி, பள்ளி, காப்பித் தோட்டம். சரிவில் விழும் நீர் ஏரிக்கு வருகிறது. ஏரி நிரம்பினால் உபரி நீர் ஓடையாகப் போய், சுமார் மூன்று கிலோமீட்டரில் கிளியூர் அருவியாக விழுகிறது. முந்நூறு அடி என்று சொல்வார்கள். படிக்கட்டில் இறங்கிப்போய் அங்கே குளிக்கிறவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நீங்களும் குளித்திருப்பீர்கள். ஆக, கடல் இல்லாவிட்டாலும் இந்த ஊரில் ஒரு குளியல் துறை இருக்கிறது. அதற்கு நேர் மேலே ஓர் ஊரும் இருக்கிறது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும் நீரைப் பற்றியதுதான்.

குளிக்கிற நீர் எவ்வளவு சுத்தமாக இருந்தால் போதும் என்பதை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1959-ல் பிரிட்டனில் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் வெளியிட்ட அறிக்கை, கண்ணுக்கே அருவருப்பாகத் தெரியும் அளவுக்குக் கடல் அழுக்காக இருந்தால் ஒழியக் குளிப்பதால் பெரிய ஆபத்து இல்லை என்ற நிலையை எடுத்தது. முப்பது ஆண்டுகள் அந்த நாட்டுக் கடற்கரைகளை ஏறக்குறைய அந்த நம்பிக்கையே நடத்தியது. பிறகு 1989 முதல் 1992 வரை, நான்கு கோடைகளில் நான்கு கடற்கரைகளில், ஒரு சோதனை நடந்தது. 1,200-க்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். யார் குளிப்பது, யார் கரையில் நிற்பது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. குளித்தவர்கள் குறைந்தது பத்து நிமிடம் நீரில் இருக்க வேண்டும், மூன்று முறை தலை முழுக வேண்டும்.

மூன்று முழுக்கு! அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ராமேசுவரத்து அக்கினி தீர்த்தமும், சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னை முக்கியெடுத்த என் தாத்தாவின் கையும்தான் நினைவுக்கு வந்தன. நம் ஊரில் எவரும் சொல்லாமலே செய்கிற காரியத்தை அங்கே விதியாக எழுதிவைத்துச் சோதித்திருக்கிறார்கள். 1994-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மார்பளவு ஆழத்து நீரில், மலத்திலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி 100 மில்லிலிட்டருக்கு 32-ஐத் தாண்டியதும், குளித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வருவது கரையில் நின்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியது. இதுபோன்ற ஆய்வுகளின் மேல்தான் 2003-ல் உலக சுகாதார நிறுவனமும், 2006-ல் ஐரோப்பிய ஒன்றியமும் தங்கள் குளியல் நீர் அளவுகளைக் கட்டின.

நம் நாட்டிலும் அளவு உண்டு. ஆற்றில் குளிக்க, மலக்கோலிபார்ம் என்ற குடல் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது. எக்காரணம் கொண்டும் 2,500-ஐத் தாண்டக் கூடாது. கடற்கரைக் குளியலுக்கு 100. கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேவிடும் நிலையங்களுக்கு 2017-ல் மத்திய அரசு 1,000-க்குள் என்று அறிவித்தது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 230 என்று இறுக்கியது.

இந்த எண்களை அப்படியே விட்டுவிட்டால் ஒன்றும் விளங்காது. எதிர்ப்பக்கத்து எண்ணை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கு, அதாவது அரை டம்ளருக்கு, மலக்கோலிபார்ம் ஒரு கோடி வரை இருக்கும். இதில் 99 சதவீதத்தைக் கொன்றுவிட்டோம் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், மிச்சம் இருப்பது ஒரு லட்சம். 99.9 சதவீதம் என்றால் மிச்சம் பத்தாயிரம். ஐந்நூறுக்கு வர 99.995 சதவீதம் வேண்டும். கிருமி விஷயத்தில் தொண்ணூற்றொன்பது மார்க் எடுத்தவரும் பெயில்தான். ஒன்றுமே செய்யாமல் நல்ல நீரை ஊற்றிக் கலந்து சரிசெய்யலாம் என்றால், ஒரு லிட்டர் சாக்கடைக்கு இருபதாயிரம் லிட்டர் நல்ல நீர் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு. ஒரு லிட்டருக்கு!

கழிவுநீரில் கிருமிநீக்கம் என்ற தனிப் படி எதற்கு என்று கேட்கிற மாணவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். வண்டல் படியவைப்பதும், காற்றூட்டி நுண்ணுயிரிகளைக் கொண்டு அழுக்கைத் தின்னவைப்பதும் நீரைக் கண்ணுக்குத் தெளிவாக்கும், நாற்றத்தைப் போக்கும், மீன் மூச்சுவிட ஆக்சிஜனை மிச்சம் வைக்கும். கிருமியில் ஒன்றிரண்டு பூச்சியங்களைக் குறைக்கும். மிச்சப் பூச்சியங்களுக்கு வேறு ஆயுதம் வேண்டும்.

கடலோரத்தில் இயற்கையே கொஞ்சம் உதவுகிறது. உப்பும் வெயிலும் குடல் கிருமிகளுக்கு ஆகாது. உச்சி வெயிலில் தெளிந்த கடல்நீரில் பத்தில் ஒன்பது கிருமி சாக ஒருசில மணி நேரம் போதும். இருட்டில் அதற்கு நாள் கணக்காகும். நீண்ட குழாய் போட்டுக் கழிவைக் கடலுக்குள் வெகுதூரம் கொண்டுபோய் விட்டவர்கள் எல்லாரும் இந்த உதவியை நம்பித்தான் விட்டார்கள். இங்கே என்ன நிலை? நீரில் உப்பு கிடையாது. ஓடைக்கு மேல் மரநிழல், மேலே மூடுபனி. நீர் குளிர்ச்சி, குளிர்ச்சியில் இந்தக் கிருமிகள் பெருகாவிட்டாலும் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். மழைக்காலத்தில், ஓடையோரத்துக் கட்டடத்திலிருந்து கசிந்தது அருவிக்குப் போய்ச் சேர ஆகும் நேரமோ, கிருமி சாவதற்கு வேண்டிய நேரத்தில் சிறு பங்குகூட இருக்காது.

இன்னொன்று இதைவிட முக்கியம். இதை யோசித்தபிறகுதான் இந்த அழைப்பை ஏற்றேன். 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் டிரையத்லான் போட்டியை ஒரு நாள் தள்ளிவைத்தார்களே, நினைவிருக்கிறதா? மழை பெய்து, சேன் நதியில் கிருமி எண்ணிக்கை ஏறிவிட்டது. மழை பெய்தால் பழைய நகரங்களின் சாக்கடை நிரம்பி ஆற்றில் வழியும். அதைப் பிடித்துவைக்க ஐம்பதாயிரம் கன மீட்டரில் பாதாளத் தொட்டி கட்டியும் அந்த வாரத்து மழைக்குப் போதவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரைகளில் மழை ஓய்ந்து மூன்று நாள் கடலில் இறங்காதீர்கள் என்று அறிவிப்பார்கள். உலகம் முழுக்கக் குளியல் நீருக்கு ஒரே விதி: மழைக்குப் பின் பொறுத்திரு.

நம் அருவிகளில்? மழை பெய்தால்தான் அருவி! கோடையில் கிளியூரில் ஈரப்பாறைதான் இருக்கும். மழை கொட்டி, ஏரி நிரம்பி, "அருவியில தண்ணி வந்துருச்சு" என்று செய்தி பரவியதும்தான் சேலத்திலிருந்து வண்டி வண்டியாகக் கிளம்புகிறோம். மற்ற நாட்டார் எந்த மூன்று நாள் நீரில் இறங்காதே என்கிறார்களோ, அந்த மூன்று நாளில்தான் நாம் தலையைக் கொடுத்து, வாயைத் திறந்து, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். முதல் மழை, வறண்ட மாதங்களில் சரிவில் சேர்ந்ததையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. குற்றாலத்துக்கும் கொல்லிமலைக்கும் இது பொருந்தும். ஆனால் இந்த மூன்றில், அருவியின் தலைமாட்டிலேயே ஒரு சுற்றுலா ஊர் உட்கார்ந்திருப்பது இங்கேதான். மழைக்குப் பின் குளிக்காதே என்று நம் மக்களிடம் சொல்வது, பொங்கலன்று கரும்பு தின்னாதே என்பதைப் போல. அதை நான் சொல்லப்போவதில்லை. மழை வருவதற்கு முன்பே மேலே செய்ய வேண்டியதைத்தான் சொல்லப்போகிறேன்.

மலையூர்களில் வீடும் விடுதியும் செப்டிக் டேங்கையே நம்பியிருக்கின்றன. செப்டிக் டேங்க் நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குள் போவது சுத்தமாகி வெளியே வருகிறது என்ற நம்பிக்கை தவறு. அது படியவைக்கும் தொட்டி, அவ்வளவே. கசடு அடியில் தங்கும். மேலாக வழிந்து வெளியேறும் நீரில் அரை டம்ளருக்குச் சில லட்சம் கிருமிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். மார்கழி, தை மாதக் குளிரில் தொட்டிக்குள் நடக்கும் செரிமானமும் மந்தமாகிவிடும். அந்த வழிநீரைச் சுத்தப்படுத்துவது உண்மையில் தொட்டிக்கு வெளியே இருக்கும் மண். உறிஞ்சுகுழியில் இறங்கி, சில அடி மண்ணை மெல்லக் கடந்து போகும்போதுதான் கிருமி வடிகட்டப்படுகிறது.

இந்த மலையில் அந்த மண் எவ்வளவு ஆழம் இருக்கிறது? இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்காலத்தைத் திறந்துவைத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட், ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912-ல் கல்கத்தாவில் காலமானார். அவருடைய அஸ்தி இந்த ஊர் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் கோடரியைக் கண்டெடுத்த பல்லாவரத்துப் பாறையும் நம் காலடியில் இருக்கும் சேர்வராயன் மலைப் பாறையும் ஒரே இனம்: சார்னோக்கைட். வைரம் பாய்ந்த பாறை. நீர் அதற்குள் ஊறாது. வெடிப்பு வழியாகத்தான் போகும். மண் ஆழமாக இருக்கும் இடத்தில் உறிஞ்சுகுழி வேலை செய்யும். ஓரடி ஈரடியில் பாறை தட்டுகிற சரிவில், குழியில் விட்ட நீர் வெடிப்பில் புகுந்து, வடிகட்டப்படாமலே கீழே எவருடைய சுனையிலோ ஊற்றாக வெளிவரும். பாறை வெடிப்பு வடிகட்டி அல்ல, குழாய். கீழே சுனையில் குடம் வைத்து மொள்ளுகிற மலைவாழ் குடும்பத்துக்கு, மேலே எந்த விடுதியில் எத்தனை அறை என்பது தெரியப்போவதில்லை.

சரி, கிருமிநீக்கம் என்றால் என்ன செய்வது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பிளீச்சிங் பவுடர். குடிநீருக்குக் குளோரினைப் போல உயிர் காத்த பொருள் வேறில்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கழிவுநீர் வேறு. அதில் இருக்கும் அம்மோனியா குளோரினைப் பிடித்துக்கொண்டு குளோரமைன் ஆக்கிவிடும். கொல்லும் வேகம் குறைந்துபோகும். கரைந்த அழுக்கோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற பொருள்கள் உண்டாகும் என்பதை 1974-ல் ராட்டர்டாம் குடிநீரில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் காட்டினார். எஞ்சிய குளோரின் ஓடைக்குப் போனால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கே நன்னீர் மீனுக்கு ஆபத்து. ஆகவே குளோரின் போட்டால், அரை மணி நேரம் தொட்டியில் நிறுத்திவைத்து, பிறகு சோடியம் பைசல்பைட் போட்டு அதை எடுத்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். மழை வரப்போகிறது என்று ஓடையில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது கிருமிநீக்கம் அல்ல. தவளைக்கும் தட்டானுக்கும் செய்கிற கொடுமை.

இரண்டாவது வழி புறஊதா ஒளி. பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மரபுப்பொருளில் அடுத்தடுத்த கண்ணிகளை ஒட்டவைத்துவிடும். அதற்குமேல் அதனால் பெருக முடியாது. நீரில் எதையும் சேர்ப்பதில்லை, எதுவும் மிச்சமும் இல்லை. குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இதற்கு அடங்கும். குளியல் கடற்கரைகளுக்கு அருகில் இருக்கும் நிலையங்கள் பல இதற்கு மாறியிருக்கின்றன. ஓடையும் மீனும் உள்ள மலைக்கும் இதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் ஒளி போக நீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலில் ஒவ்வொரு துகளும் கிருமிக்குக் குடை பிடிக்கும். காப்பிப் பழம் உரிக்கும் பருவத்தில் உரிக்கும் எந்திரத்தின் கழிவுநீர் கலந்து பழுப்பேறிய நீரானால், நிறமே ஒளியைக் குடித்துவிடும்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வேறொரு மலையில், ஒரு விடுதியின் சுத்திகரிப்பு அறைக்கு என்னை அழைத்துப்போனார்கள். எல்லாம் இருந்தது. மோட்டார் ஓடியது, புறஊதாக் கருவியின் பச்சை விளக்கு எரிந்தது, சுவரில் தொங்கிய நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் நேராக "ஓடுகிறது" என்று ஒரே கையெழுத்து. கருவியைத் திறந்து காட்டச் சொன்னேன். விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய், நாள்பட்ட டீ வடிகட்டி போல, பழுப்பாக வழவழத்துக் கிடந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தேன்; அந்தக் கோட்டு வழியாக மட்டும் உள்ளே இருந்த விளக்கு தெரிந்தது. உள்ளே விளக்கு ஒழுங்காகவே எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒளி ஒரு சொட்டு நீரைக்கூடத் தொடவில்லை. கூட நின்ற ஊழியர், இருபது வயதுப் பையன், சொன்னான்: "இதைத் தொடைக்கணும்னு எனக்கு யாருமே சொல்லலைங்க சார்." அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மாதம் ஒருமுறை மெல்லிய அமிலத்தில் துணியை நனைத்துத் துடைப்பது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை ஒருவருடைய கடமையாக எழுதிவைக்காததால், கீழே குளித்தவர்களுக்கு அந்தக் கருவி இருந்தும் இல்லை.

அதனால்தான் கருவியின் விலையைக் கேட்கும் விடுதி உரிமையாளர்களிடம் நான் முதலில் வேறு கேள்விகளைக் கேட்பேன். உங்கள் செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது உறிஞ்சினீர்கள்? கசடு எடுக்காமல் விட்ட தொட்டி கசடை வெளியே தள்ளும். அதன் பின்னால் எந்த விளக்கை மாட்டியும் பயனில்லை. உறிஞ்சிய லாரி எங்கே கொட்டியது? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நல்ல விடை ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் மலக்கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள்; நம் மாநிலத்தில் அதுதான் முதல். பாதாளச் சாக்கடை போடாத சிறிய ஊர், லாரிகளைச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரவைத்தது. கசடைப் படுகையில் பரப்பி உலர்த்துகிறார்கள், பிரியும் நீரைத் தனியே சுத்திகரிக்கிறார்கள். பாறைச் சரிவில் பாதாளச் சாக்கடை தோண்டுவதைவிட இது எட்டக்கூடிய காரியம். மலைமேலேயே ஒன்று இருந்தால், நிறைந்த லாரி சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டாம். இறங்க மனமில்லாமல் இருட்டில் ஓடையோரம் நிற்கவும் வேண்டாம்.

வழிநீரைத் தெளியவைக்கச் சரளைக்கல் படுகையும் கல்வாழையும் போதும். இடுப்பளவு ஆழத்துக்குச் சரளை நிரப்பி, கல்வாழையோ நாணலோ நட்டு, நீரை அதன் அடியில் மெல்ல நகரவிட்டால், வெளியே வருவது ஒளி ஊடுருவும் நீராக இருக்கும். பிறகு மணல் வடிகட்டி, அதற்குப் பிறகு புறஊதா விளக்கு. மின்சாரம் போகும் நேரத்தில் நீரைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி. மலையில் காற்றுமழையன்றுதான் மின்சாரம் போகும், அன்றுதான் அருவியும் கொட்டும். அந்தத் தொட்டியைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். நான்கைந்து அறை உள்ள சிறிய விடுதிகள் தனித்தனியாக இதைச் செய்ய முடியாது. ஒரு சரிவுக்கு ஒன்று என்று கூட்டாகத்தான் செய்ய முடியும். மே மாதக் கோடை விழாவின்போது ஊரின் மக்கள்தொகை எத்தனை மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரியும். தொட்டியின் அளவை அந்த வாரத்துக்குப் போட வேண்டும், ஆண்டுச் சராசரிக்கு அல்ல.

இந்த நீர் கிளியூரோடு நிற்பதுமில்லை. அடிவாரத்துக் கண்ணங்குறிச்சி மூக்கனேரிக்கு வருவது சேர்வராயன் மலை நீர். சேலத்துக்குள் பெயரில் மட்டும் மணிமுத்தைச் சுமந்துகொண்டு, சாயக் கழிவும் சாக்கடையுமாகப் போகிற திருமணிமுத்தாறும் இதே மலையில் பிறந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலப்பதுதான். மலையில் நாம் காப்பாற்றிக் கொடுத்தாலும் சேலத்தில் கெடுமே என்று சிலர் சோர்ந்து பேசுவார்கள். எனக்கு அந்தச் சோர்வு கிடையாது. பிறந்த இடத்திலாவது சுத்தமாக இருந்தால்தான் கீழே எங்கே கெடுகிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடியும். 2021-ல் சென்னைக்கு அருகே கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடி கிடைத்தது. ஒரு கடற்கரை நீரைத் தொடர்ந்து சோதித்து, முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதிவைக்க நம்மால் முடியும் என்று அது காட்டியிருக்கிறது. அதே பலகை கிளியூர்ப் படிக்கட்டின் தலைப்பில் ஏன் இருக்கக் கூடாது? நேற்று எடுத்த நீர், இன்று இவ்வளவு என்று ஒரு வரி.

மாணவர்களுக்காக இந்த மேசைமேல் பன்னிரண்டு குப்பிகள் கொண்டுவந்திருக்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்பார்கள். குவாலியரில் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் மாஞ்சாவும் அவருடைய தோழர்களும் உருவாக்கி 1982-ல் வெளியிட்ட முறை. மின்சாரமோ ஆய்வகமோ வேண்டாம் என்பதால் உலகெங்கும் போயிருக்கிறது. உள்ளே மடித்த தாளில் கிருமிக்கான உணவும் இரும்பு உப்பும் காய்ந்திருக்கின்றன. குடலில் வாழும் கிருமிகள் நீரில் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி, இரும்போடு சேர்ந்து, நீர் மையாகக் கறுத்துவிடும். எத்தனை என்று இது எண்ணிச் சொல்லாது. இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். எண்ண வேண்டியதை ஆய்வகம் எண்ணட்டும்.

நாளைக் காலை இந்தக் குப்பிகளில் நீர் பிடிக்கப் போகிறவர்கள் கவனியுங்கள். குப்பியைக் கழுவாதீர்கள். வாய்ப்பக்கத்தை விரலால் தொடாதீர்கள். ஓடையில் நீங்கள் நிற்குமிடத்துக்கு மேல்பக்கம், நீர் வரும் திசையைப் பார்த்துக் குப்பியைச் சாய்த்துக் கோடு வரை பிடியுங்கள். ஒன்று ஏரிக்கு வரும் ஓடையில், ஒன்று வழிந்தோடும் மதகில், ஒன்று அருவிக்கு மேலே. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்கு மறுநாள் ஒரு முறை. நாள், நேரம், கடைசியாக மழை பெய்த நாள், மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் அழிந்துவிடும். இந்தக் குளிரில் அலமாரியில் வைத்தால் கிருமி வளராது, நீரும் கறுக்காது. நல்ல நீர் என்று ஏமாந்துபோவீர்கள். அடுப்புக்கு அருகில், கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். கறுத்த குப்பியைத் திறந்து முகராதீர்கள். அப்படியே சாக்கடையில் கொட்டவும் கூடாது. அந்தச் சாக்கடையும் ஏரிக்குத்தான் போகும். ஒரு கரண்டி பிளீச்சிங் கரைசலை ஊற்றி, மூடி, அரை மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள்.